அந்தியில் முதலில் மறையும் நிறம்

இத்திங்கள் வாசக அன்பர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்லித் தொடங்குவோம். செலவு ஏதுமில்லை. வீட்டு முற்றத்தில் செம்பருத்திச் செடி ஒன்று இருந்தால் போதும். இல்லையேல் நல்ல சிவப்புத் துணி ஒன்றையும் நீலத் துணி ஒன்றையும் கொடியில் அருகருகே தொங்கவிடலாம். நண்பகலில் பார்த்தால் சிவப்பே முந்திக்கொண்டு வந்து கண்ணைப் பறிக்கும். செம்பருத்திப் பூ இலைகளின் நடுவே கனல் போல ஒளிரும். பின்பு, கதிரவன் மறைந்ததும் விளக்கேற்றாமல் அரை மணி நேரம் அதே இடத்தில் அமர்ந்திருங்கள். பகலில் பூவைவிட மங்கலாயிருந்த இலைகள் இப்போது பூவைவிட வெளிச்சமாய்த் தோன்றும். பூவோ கன்றிக் கறுக்கும். இன்னும் சற்று இருண்டபின் இலைகள் வெளிர்சாம்பலாகவும், பூ அவற்றின் நடுவே ஒரு கரிய பொட்டாகவும் நிற்கும்.

ஒளி குறைந்தால் எல்லா நிறங்களும் ஒன்றுபோலவே மங்கும் என்று நாம் எண்ணுகிறோம். விளக்குத் திரியை இறக்கினால் அறை முழுவதும் ஒருசேர மங்குவது போல என்று நினைப்பு. உண்மை அதுவன்று. அந்தியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெறுகின்றன. முதலில் விடைபெறுவது பகலில் எல்லாவற்றையும் முந்தி நின்ற சிவப்பு. பூ மாறவில்லை. அதைப் பார்க்கும் கருவி மாறிவிட்டது.

இதை முதன்முதலில் ஊன்றிக் கவனித்து எழுதியவர் பொகீமியா நாட்டு மருத்துவ அறிஞர் ஒருவர். யான் எவாஞ்சலிஸ்டா புர்கினியே என்பது அவர் பெயர்; நற்செய்தியாளரான புனித யோவானின் பெயரையே திருமுழுக்கில் அவருக்குச் சூட்டியிருந்தனர். 1787ஆம் ஆண்டு லிபோகோவிட்சே என்னும் ஊரில் பிறந்த அவர், இளமையில் தந்தையை இழந்து, பியாரிஸ்ட் துறவியரின் மடத்தில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்ந்து கல்வி கற்றார். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்றே புனித யோசேப்பு கலசாங்சியுஸ் நிறுவிய சபை அது. புர்கினியே அச்சபையிலேயே சேர்ந்து ஆசிரியப் பணியும் ஆற்றினார். குருப்பட்டம் பெறுமுன் வெளியேறி, பிராக் நகரில் மெய்யியலும் மருத்துவமும் பயின்றார். 1823இல் பிரெஸ்லௌ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்று வழங்கும் நகரமே அந்நாளைய பிரெஸ்லௌ.

அங்கே அவருக்கு நல்ல கருவிகள் கிடைக்கவில்லை. ஆகவே கையிலிருந்த ஒரே கருவியான தம் கண்ணையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டார். விடியுமுன் எழுந்து, வண்ணங்களை எதிரே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறுகையில் எந்த நிறம் எப்போது தெரிகிறது என்று பொறுமையாகக் குறித்தார். தொடக்கத்தில் கறுப்பும் சாம்பலும் அன்றி வேறில்லை. முதலில் தலைகாட்டியது நீலம். பகலில் எரிவது போலத் தோன்றும் சிவப்பு வகைகள் நெடுநேரம் வரை எல்லாவற்றிலும் இருண்டவையாகவே கிடந்தன. இதை 1825இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்து, அந்நூலை ஜெர்மானியக் கவிஞர் கேத்தேயுக்குக் காணிக்கையாக்கினார். அந்தியில் நிகழும் இந்த மாற்றம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வைகறையில் எழுந்து அமர்ந்திருப்பதற்கு மடத்து வாழ்வு அவரைப் பழக்கியிருக்கும் என்று நாம் ஊகித்தால் தவறாகாது.

என்ன நிகழ்கிறது என்பதை அவர் கண்டார். ஏன் என்பதை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1866இல் மாக்ஸ் ஷுல்ட்சே என்னும் ஜெர்மானிய உடற்கூற்றியலார் பலவகை உயிரினங்களின் விழித்திரையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒளியை உணரும் செல்கள் இருவகை. ஒருவகை கூம்பு வடிவானது. மற்றது குச்சி போன்றது. இரவில் வேட்டையாடும் ஆந்தையின் கண்ணில் குச்சி செல்களே மிகுதி. பகற்பறவைகளின் கண்ணில் கூம்பு செல்களே மிகுதி. கோழி பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குத் திரும்புவதை நம் பாட்டிமார் அறிவர். அந்தி மங்கினால் அதற்கு வழி தெரியாது. ஷுல்ட்சே இதிலிருந்து சரியான முடிவுக்கு வந்தார்: கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை, குச்சிகள் இருளுக்கு உரியவை.

மனிதக் கண்ணில் இரண்டும் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் குச்சி செல்கள் 9 கோடிக்குக் குறையாமல் உள்ளன. கூம்பு செல்கள் 50 லட்சம் அளவே. எண்ணிக்கையைப் பார்த்தால் நாம் இரவுப் பிராணிகள் என்றே சொல்லத் தோன்றும். ஆயினும் கூம்புகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றில் மூவகை உள்ளன: ஒன்று நீலத்தின் பக்கமும், ஒன்று பச்சையின் பக்கமும், ஒன்று மஞ்சள், சிவப்பின் பக்கமும் சாய்ந்தவை. மூன்றும் தரும் செய்திகளை மூளை ஒப்பிட்டு நோக்கியே நிறத்தை அறிகிறது. குச்சி செல்லோ ஒரே வகை. ஒரு தராசைக் கொண்டு எடையைச் சொல்லலாம். தட்டில் இருப்பது அரிசியா உப்பா என்று தராசு சொல்லுமா? குச்சி செல் ஒளி இவ்வளவு என்று மட்டும் சொல்லும். என்ன ஒளி என்று சொல்லாது. எனவேதான் நிலவொளியில் நாம் காணும் உலகம் ஏறத்தாழ நிறமற்றது.

இனி சிவப்பின் கதை எளிதாய் விளங்கும். கூம்புகள் ஒட்டுமொத்தமாக மிகவும் கூர்ந்து உணர்வது மஞ்சள் கலந்த பச்சை ஒளியை. அலைநீளக் கணக்கில் 555 நானோமீட்டர். குச்சிகள் மிகவும் கூர்ந்து உணர்வது நீலம் கலந்த பச்சையை. சுமார் 507 நானோமீட்டர். ஆழ்ந்த சிவப்பு குச்சி செல்லுக்கு இருளேயன்றி வேறன்று. பொழுது சாயச் சாய கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் பணியேற்கின்றன. அந்தப் பணிமாற்றத்தில் சிவப்புக்கு இடமில்லாமற் போகிறது. இருவகையும் சேர்ந்து பணிபுரியும் இடைப்பொழுது ஒன்று உண்டு. அதைத்தான் நாம் அந்தி என்கிறோம். அவ்வேளையில் நீலமும் வெளிர்பச்சையும் என்றுமில்லாத ஒரு மென்மையுடன் துலங்குவதைக் கண்டிருப்பீர்கள்.

போக்குவரத்து விளக்கின் சிவப்பு இரவில் நன்றாகத் தெரிகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அது தானே ஒளிர்வது; கூம்புகளை எழுப்பப் போதிய ஒளி அதில் உண்டு. தானே ஒளிராமல், பிறிதோர் ஒளியை வாங்கித் திருப்பும் பொருள்களுக்கே, அதாவது துணிக்கும் பூவுக்கும் வண்டியின் வண்ணப்பூச்சுக்குமே, இந்த இடையூறு.

வண்டி என்றதும் நினைவுக்கு வருவது தீயணைப்பு வண்டி. உலகெங்கும் அது சிவப்பு. அமெரிக்காவில் ஸ்டீபன் சாலமன் என்னும் கண் மருத்துவ வல்லுநர், தாமே தொண்டராகத் தீயணைப்புப் பணி புரிந்தவர், இந்நிறம் இரவுக்கு ஏற்றதன்று என்று நெடுங்காலம் வாதாடினார். டெக்ஸாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் சிவப்பு வண்டிகளும் எலுமிச்சை மஞ்சள் வண்டிகளும் ஒருங்கே பயன்பட்டதால், அவற்றின் விபத்துக் கணக்கை அவரும் ஜேம்ஸ் கிங் என்பவரும் ஒப்பிட்டு 1995இல் வெளியிட்டனர். எலுமிச்சை மஞ்சள் வண்டிகளே குறைவாக விபத்துக்குள்ளாகியிருந்தன. ஆயினும் பல நகரங்கள் சிவப்பைக் கைவிடவில்லை. சிவப்பைக் கண்டால் தீயணைப்பு வண்டி என்று மக்கள் உடனே உணர்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதிலும் பொருளில்லாமல் இல்லை. பழக்கமும் ஒருவகைப் பார்வைதானே.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறி செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆயிரமாயிரம் பேர் காவி உடுத்தி நடந்தே செல்கின்றனர். வெயிலுக்கு அஞ்சி அவர்கள் நடப்பது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வைகறையிலும். காவியும் செம்மஞ்சளும் பகலில் தொலைவிலிருந்தே தெரியும். கருக்கலிலோ, முகப்பு விளக்கின் ஒளி நேரே படும்வரை, அவை சாலையின் கருமையோடு கலந்துவிடுகின்றன. தோளில் ஒரு வெள்ளைத் துண்டும், முதுகுப் பையில் ஒளியைத் திருப்பி வீசும் பட்டை ஒன்றும் இருந்தால் போதும். ஓட்டுநர் பல மீட்டர் முன்னதாகவே கண்டுகொள்வார். பயணக் குழுவை நடத்திச் செல்வோர் இதைக் கட்டாயமாக்கலாம் என்பது நமது கருத்து.

பணிமாற்றம் என்றோம், அது நொடியில் நிகழ்வதன்று. வெயிலிலிருந்து திரையரங்கினுள் நுழைந்து நாற்காலியைத் தடவித் தேடிய அனுபவம் நம்மில் யாருக்கில்லை? கண்பாவை விரிவதால்தான் பிறகு தெரிகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். பாவை விரிவது உண்மையே. 2 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 8 வரை விரிந்தாலும் உட்புகும் ஒளி 16 மடங்குதான் கூடும். நண்பகல் வெயிலுக்கும் விண்மீன் ஒளிக்கும் இடையேயுள்ள வேறுபாடோ கோடி மடங்குக்கும் மேல். மீதி வேலை முழுவதும் விழித்திரையிலேயே, வேதிமாற்றமாக நடக்கிறது.

1876இல் உரோமை நகரில் பணியாற்றிய ஃபிரான்ஸ் போல் என்னும் இளம் அறிஞர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தபோது அது செந்நிறமாய் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி பட்டு வெளுத்துப் போயிற்று. மூன்றே ஆண்டுகளில், முப்பது வயதில், காசநோயால் அவர் இறந்தார். ஹைடல்பெர்க் நகரின் வில்லி கூனே அந்த ஆய்வைத் தொடர்ந்தார். சன்னலை நோக்க வைத்த முயலின் விழித்திரையில் அந்தச் சன்னற்கம்பிகளின் வடிவமே வெளுத்துப் பதிந்திருப்பதைக் காட்டினார். கொலையுண்டவனின் கண்ணில் கொலைகாரனின் படம் பதிந்திருக்கும் என்று துப்பறியும் கதைகள் எழுந்ததும் உண்டு. அது வெறுங்கதை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அச்செந்நிறப் பொருளின் பெயர் ரோடாப்சின். குச்சி செல்லில் நிறைந்திருக்கும் இது ஒளி பட்டால் சிதையும். இருளில் மீண்டும் சேரும். பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளுத்துக் கிடப்பதால் குச்சிகள் செயலற்றிருக்கின்றன. இருளில் புகுந்ததும் கூம்புகள் விரைந்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள், தம்மாலான அளவுக்குக் கூர்மை பெற்று நின்றுவிடும். பிறகு குச்சிகளின் முறை. ரோடாப்சின் முழுமையாக ஊறிவர முப்பது, நாற்பது நிமிடங்கள் ஆகும். நாற்பது நிமிடம் ஊறியதை ஒரு நொடி வெண்ணொளி பெருமளவு குலைத்துவிடும். நள்ளிரவில் எழுந்து கைப்பேசியைப் பார்த்துவிட்டு உடனே படியிறங்குகிறவர் ஏறக்குறைய இருண்ட கண்ணோடு இறங்குகிறார்.

இங்கேதான் சிவப்பு நமக்கு நண்பனாகிறது. குச்சிகள் ஆழ்ந்த சிவப்பை உணராததால், சிவப்பொளி அவற்றின் ரோடாப்சினையும் மிகுதியாகக் குலைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில், இரவில் பறக்கவிருந்த விமானிகள் சிவப்புக் கண்ணாடி அணிந்து, ஒளியுள்ள அறையிலேயே அமர்ந்து படித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் தம் கண்களை இருளுக்கு ஆயத்தப்படுத்தினர். அமெரிக்க உளவியலார் வால்டர் மைல்ஸ் கண்ட வழி இது. விண்மீன் நோக்குவோர் இன்றும் சிவப்புக் கைவிளக்கையே கொண்டு செல்கின்றனர்.

விண்மீன் நோக்குவோருக்குத் தெரிந்த மற்றொரு நுட்பமும் உண்டு. விழித்திரையின் நடுமையத்தில், நாம் ஒன்றை நேர்நோக்கும்போது அதன் உருவம் விழும் இடத்தில், குச்சி செல்களே இல்லை. ஆகவே மங்கலான மீனை நேரே பார்த்தால் மறையும். சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரியும். கார்த்திகை மீன்கூட்டத்தை இவ்வாறு பக்கப்பார்வையாய்ப் பாருங்கள். முன்பு தெரியாத மீன்களும் தலைகாட்டும்.

கூம்பும் குச்சியுமாக இரு கண்களை நாம் ஒரே குழியில் சுமந்து திரிகிறோம் என்பதற்கு உலகில் இரண்டு ஊர்கள் சாட்சி. ஒன்று பசிபிக் பெருங்கடலில் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த பிங்கெலாப் என்னும் சிறு தீவு. 1775ஆம் ஆண்டை ஒட்டி வீசிய பெரும்புயலிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் தீவினர் மாண்டு, ஏறத்தாழ இருபது பேரே எஞ்சினர். எஞ்சியவர்களில் ஒருவரிடம் ஒரு மரபுக் குறை மறைந்திருந்தது. சில தலைமுறைகளுக்குப் பின் அது வெளிப்பட்டது. இன்று அம்மக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை, வேலை செய்யும் கூம்பு செல்களே இல்லாமல் பிறக்கின்றனர். உலகின் பிற இடங்களில் இது முப்பதாயிரத்தில் ஒருவருக்கே உண்டு. இவர்களுக்கு நிறம் என்பதே கிடையாது. பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, இமைகளைக் கொட்டி, தலைகவிழ்ந்து நடப்பர். பள்ளியில் கரும்பலகை தெரியாது. ஆனால் இரவில் மீன்பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் பெற்றவர்கள். 1994இல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அங்குச் சென்று, பின்னர் நூலும் எழுதினார். அவருடன் சென்றவர்களில் நார்வே நாட்டுப் பார்வையியல் அறிஞர் நூட் நோர்ட்பியும் ஒருவர். அவரும் அக்குறையோடு பிறந்தவரே. தம்மைப் போன்றோர் ஓர் ஊராகவே வாழும் இடத்தில் அவர் கால்வைத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றது பிரான்ஸின் தெற்கே மோன்பெல்லியே நகருக்கருகில் உள்ள வெந்தெமியான் என்னும் சிற்றூர். 1637இல் பிறந்து அங்குக் குடியேறிய ழான் நூகாரே என்னும் இறைச்சிக் கடைக்காரருக்குப் பகலில் பார்வை சீராயிருந்தது. பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. குச்சி செல்கள் இருந்தும் அவற்றின் செய்தி சரிவர மூளையை எட்டுவதில்லை. இக்குறை அவர் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் வந்தது. 1838இல் குனியே என்பவர் இக்குடும்ப வரலாற்றை வெளியிட்டார். 1907இல் நெட்டில்ஷிப் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை விரிவாக்கியபோது, வழித்தோன்றல்கள் 2,121 பேரும் அவர்களுள் மாலைக்கண் உடையோர் 135 பேரும் கணக்கில் வந்திருந்தனர். பிரான்ஸில் 1792 வரை பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதப்பட்டது பங்குக் கோயில் பதிவேடுகளில்தான். ஒவ்வொரு திருமுழுக்கையும் மை தொட்டு எழுதிவைத்த பங்குக் குருக்கள், தாம் மருத்துவ அறிவியலுக்குத் தொண்டாற்றுவதாகக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1996இல் அக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றமும் கண்டறியப்பட்டது. நம் பங்குகளின் பழைய பதிவேடுகளைக் கறையானுக்குக் கொடுக்காமல் காப்போருக்கு இதை ஒரு பாராட்டாகவே எழுதுகிறோம்.

நூகாரே குடும்பத்தின் மாலைக்கண்ணை உணவு தீர்க்காது. அது பிறவிக் குறை. ஆனால் நம் நாட்டிலும் பிற ஏழை நாடுகளிலும் பிள்ளைகளுக்கு வரும் மாலைக்கண் பெரும்பாலும் அவ்வகையன்று. ரோடாப்சினின் ஒரு பாதி வைட்டமின் ஏ சத்திலிருந்து உருவாவது. விழித்திரையில் அச்சத்து இருப்பதை 1933இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு, 1967இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உணவில் அது குறைந்தால் உடல் முதலில் கைவிடுவது இரவுப் பார்வையை. இந்தோனேசியர் மாலைக்கண்ணைக் ‘கோழிக் குருடு’ என்றே சொல்வர். மேலே சொன்ன கோழியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தாய்மார் சற்று நின்று கவனிக்க வேண்டும். மாலை வரை ஓடியாடிய பிள்ளை, இருட்டத் தொடங்கியதும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அழைத்தால் வர மறுக்கிறது. வந்தால் பாத்திரத்தைத் தட்டிவிடுகிறது. பிடிவாதம் என்றோ பேய்ப்பயம் என்றோ சொல்லி அடித்துவிடுகிறோம். அப்பிள்ளைக்குத் தன் குறையைச் சொல்லவும் தெரியாது. இருட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். இந்நிலையில் கவனித்தால் சில நாள்களிலேயே பார்வை மீளும். கவனியாவிட்டால் வெண்விழியில் நுரை போன்ற புள்ளிகள் தோன்றி, கருவிழி வறண்டு, இறுதியில் குழைந்து அழிந்துவிடும். அதன்பின் மீட்சி இல்லை.

கண்ணோடும் நிற்பதில்லை. ஆல்ஃபிரட் சொம்மர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் இந்தோனேசியச் சிற்றூர்களில் ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட செய்தி உலகைத் திடுக்கிடச் செய்தது: மாலைக்கண்ணும் வெண்புள்ளியும் ஆகிய இலேசான அடையாளங்கள் உடைய பிள்ளைகள், ஏனைய பிள்ளைகளைவிட நான்கு மடங்கு அதிகமாக இறந்துகொண்டிருந்தனர். வயிற்றுப்போக்கும் அம்மையும் அவர்களை எளிதில் கொண்டுபோயின. அதன் பின் நம் திருச்சி மாவட்டத்திலேயே மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் 15,419 சிறு பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாராருக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அச்சாராரிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது என்று 1990இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் பயன் மிகச் சிறிதாகவே தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்துக்குறை கடுமையாக உள்ள இடத்தில் பயன் பெரிது. குறைந்த இடத்தில் சிறிது என்று கொள்வதே பொருத்தம்.

உணவுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, கேரட், முட்டையின் மஞ்சட்கரு, பால் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அது போதும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் சத்து உடலில் சேரும். ஆட்டு ஈரல் மாலைக்கண்ணுக்கு நல்லது என்று பெரியோர் சொல்வதும் மெய்யே. கிரேக்க மருத்துவரும் ஈரலையே தந்தனர். ஒரே ஓர் எச்சரிக்கை: இச்சத்து மிகினாலும் கேடு. கருவுற்ற பெண்கள் மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரை உண்ணலாகாது, கருவைத் தாக்கும்.

முதியோரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வயதானால் கண்பாவை முன்போல் விரியாது. விழிலென்ஸ் மஞ்சள் படர்ந்து ஒளியைத் தடுக்கும். குச்சிகள் இருளுக்குப் பழகவும் கூடுதல் நேரம் ஆகும். விடியற்காலைப் பூசைக்குப் புறப்படும் தாத்தா, ஒளிமிகுந்த கூடத்திலிருந்து நேரே இருண்ட தெருவில் இறங்காமல், திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது. இரவில் அவர் எழுந்து நடக்கும் வழியில் கண்ணைக் கூசவைக்கும் வெண்விளக்குக்குப் பதிலாக, தரையை ஒட்டி மங்கலான செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரியட்டும். படியின் விளிம்புக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை வெள்ளையாக மாற்றிவிடுங்கள்.

மாலைக்கண் பெரியவர்களுக்குப் புதிதாய் வந்தால் அது சத்துக்குறையாக மட்டும் இராது. விழித்திரையின் பரம்பரை நோயாகவோ, கண்புரையாகவோ, ஈரல் கோளாறாகவோ இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். பிள்ளைகளுக்கோ, 1970 முதல் நம் அரசு நடத்திவரும் திட்டத்தின்படி 9ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் விலையின்றிக் கிடைக்கிறது. மொத்தம் 9 வேளை. எத்தனை வேளை கொடுத்தாயிற்று என்பது குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்டிருக்கும்.